மூன்று விரல் தண்ணீர்

குளம் என்று யாராவது சொன்னால் தண்ணிக்காரிக்குச் சுருக்கென்று கோபம் வரும். "குளமா? குழின்னு சொல்லுங்க" என்று திருத்துவாள். யுரேனியம் எடுத்த சுரங்கக் குழி அது. தோண்டுகிற மட்டும் தோண்டி, ஆலையில் மாவாக அரைத்து, வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையை அதே குழியில் கொட்டி, மேலே தண்ணீரை நிரப்பிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீருக்கு ஒரு காவல் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் கரையில் ஓர் அலுவலகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அலுவலகம் என்றால் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு துடுப்புப் படகு, ஒரு மதகு, அப்புறம் இவள்.

ரசாயனம் படித்தவள். சுரங்கம் ஓடிய காலத்தில் அதன் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கல்யாணம் ஒத்துவராது என்று தெரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து, "எனக்குப் பின்னாடி அறை போதும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே பெட்டியைப் பிரித்து அடுக்கியவள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. "கண்ணீர் வைக்கவேண்டிய இடத்துல என் நாத்தனாருக்குக் கடவுள் இன்னொரு நாக்கை வெச்சுட்டார்" என்று அண்ணி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தண்ணீருக்குக் காவல் இருப்பதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் தண்ணிக்காரி. அவளும் அதைப் பதவிபோல ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

குழிக்கு அடியில் கிடந்த சக்கை கறுப்புச் சேறாக இறுகியிருந்தது. அதில் ஒரு கனிமம் நிறையக் கலந்திருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்து, பித்தளைப் பொடிபோலப் பளபளக்கும் துகள். சுரங்கத்துக்காரர்கள் அதை மினுக்கு என்பார்கள். தண்ணீரில் கரைந்து திரிகிற யுரேனியம் மினுக்கின் மேல் போய் ஒட்டினால், மினுக்கு தன்னிடமுள்ள எலக்ட்ரான்களைக் கொடுத்து அதன் குணத்தையே மாற்றிவிடும். கரைகிற யுரேனியம் கரையாததாக மாறி, கறுப்புப் பொடியாகி, அந்தத் துகளின் முதுகிலேயே உட்கார்ந்துவிடும். மேலே தண்ணீர் நிற்கிற வரைக்கும், சேற்றுக்குள் காற்று புகாத வரைக்கும், அந்தப் பிடி தளராது. அதனால்தான் மேல் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. தண்ணீர் வற்றிச் சேற்றில் காற்றுப் பட்டதோ, போச்சு. மினுக்கு துருப்பிடிக்கும். துருப்பிடிக்கும்போது அமிலத்தைக் கக்கும். இறுக்கிப் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் கைவிடும். அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு கீழே இறங்கும். கீழே என்றால் தெரு. தெருவில் இருக்கிற அத்தனை கிணறுகளும்.

இது தெருவில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பாதிப் பேர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஆனால் தெரிந்திருப்பது வேறு, வெயில் வேறு.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேகம் வரும், மலைக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கும், போய்விடும். காலையில் எட்டு மணிக்கே தகரக் கூரை சடசடவென்று முறுக்கிக்கொள்ளும். தண்ணிக்காரி விடியும் முன்பே படகை எடுத்துவிடுவாள். குழியின் நடுவில் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வடக்கு மூலையில் சேறு தலைகாட்ட ஆரம்பிக்கும். அவள் கம்பத்தைப் பிடித்துப் படகை நிறுத்தி, கையைக் கோட்டின் மேல் வைத்து விரலால் அளப்பாள். அளவுகோல் இருந்தது. ஆனாலும் விரல்தான் அவளுக்குப் பழக்கம். பிறகு வெவ்வேறு ஆழத்தில் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்து, மூடி, எண் எழுதி, பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி வைப்பாள். திரும்பி வரும்போது முதுகுச் சட்டை ஒட்டிப்போயிருக்கும்.

குழிக்குக் கீழே, மதகிலிருந்து போகிற சிமெண்டு வாய்க்காலின் ஓரமாகத்தான் அண்ணனின் எலுமிச்சைத் தோட்டம். சுரங்கம் மூடியதும் கைக்கு வந்த எல்லாவற்றையும் அந்தத் தோட்டத்தில் போட்டான். ஆலையில் அரவை எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று ஒரு காது மந்தமாகிவிட்டதால், மரங்களோடு பேசும்போதுகூடக் கத்தித்தான் பேசுவான். இப்போது இலைகள் நுனி சுருண்டு படகுபோல மடிந்திருந்தன. பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்தன. கீழே விழுந்ததைப் பொறுக்கி அண்ணி உப்புப் போட்டு ஜாடியில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஜாடிகள் தீர்ந்து போத்தல்களுக்கு வந்துவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவித்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் ரொட்டியும். அண்ணன் ரொட்டியைப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை.

"கம்பம் எவ்வளவு காட்டுது?"

"கோட்டுக்கு மேல நாலு விரல்."

"நாலு விரல்." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "அப்போ மூணு விரல் குடு."

அவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னண்ணே பேசறே? அது என்ன என் பெட்டியில இருக்கிற சேலையா, எடுத்துக் குடுக்கிறதுக்கு?"

"மதகுச் சாவி உன் இடுப்புலதானே தொங்குது."

"சாவி தொங்குது. தண்ணி என்னோடது இல்லை."

"யாரோடது? போனவங்களோடதா? அவங்க திரும்பி வந்து கேக்கப்போறாங்களா? மூணு விரல் விட்டா என் மரம் மழை வரைக்கும் தாங்கும். இன்னும் ஒரு விரல் மிச்சம் இருக்கும் உனக்கு."

"வெயில் வாரத்துக்கு ஒரு விரல் குடிக்குது. மூணை நீ எடுத்துக்கிட்டா மிச்ச ஒண்ணு எத்தனை நாளுக்கு? அப்புறம் வடக்கு மூலை வெளிய வந்துடும்."

"வந்தா வரட்டும். மழை வந்து மூடிடும்."

"மூடாது, கழுவும். கழுவி எங்க கொண்டுபோய் விடும்? அண்ணி தண்ணி இறைக்கிற கிணத்துல."

அண்ணி உருளைக்கிழங்கின் தோலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "கிணத்தைப் பத்தி நான் கவலைப்பட்டுக்கிறேன்" என்றாள். "நீ உன் கூடப்பிறந்தவனைப் பத்திக் கொஞ்சம் கவலைப்படு. அவர் ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு? நீ மட்டும் கட்டையைப் போல தூங்கறே."

"நான் விடிய முன்னாடி எழுந்து துடுப்புப் போடணும் அண்ணி."

"போடு, போடு. உன் படகு மூழ்காம இருந்தாப் போதும் உனக்கு. இங்க குடும்பம் மூழ்கினா என்ன?"

"குடும்பம் மூழ்கறதுக்குத்தான் தண்ணியே இல்லையே" என்று அவள் நாக்கு முந்திக்கொண்டது.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். அண்ணன் ரொட்டியை மெதுவாக மென்றான்.

மறுநாள் ரொட்டிக்கடையில் தெரிந்தது, விஷயம் வீட்டுக்குள் நிற்கவில்லை என்று. ரொட்டிக்கடைக்காரர் தொந்தியும் கேலியுமான மனுஷன். அண்ணனுக்குச் சிநேகிதர். அவருக்கும் வாய்க்காலோரம் கொஞ்சம் காய்கறி நிலம் இருந்தது.

"வாம்மா, மகாராணி! அணையைத் திறக்கிற தேதி எப்போ? மாலை வாங்கி வெக்கணும்."

"மாலை உங்களுக்கே போட்டுக்கோங்க. ரெண்டு ரொட்டி குடுங்க."

"குடுக்கறேன். ஆனா யோசிச்சுப் பாரு. ஒரு குழி நிறைய நல்ல தண்ணி. நீயே சோதிச்சு நல்லதுன்னு சொன்னது. கீழ மரம் சாவுது. நடுவுல நீ நிக்கறே. வெளியூர்க்காரன் கேட்டா என்ன சொல்வான்?"

"தண்ணி நல்லா இருக்கிறது நான் நடுவுல நிக்கிறதாலதான்னு நீங்க சொல்லுங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரரும் சிரித்தார். ஆனால் ரொட்டியைச் சுற்றிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "உன் அண்ணன் உடைஞ்சு போயிருக்கான்மா. உடைஞ்ச ஆள் என்ன செய்வான்னு யாருக்கும் தெரியாது" என்றார். அந்தப் பேச்சில் கேலி இல்லை. ரொட்டி கையில் சூடாக இருந்தது. அவளுக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் தலைமை அலுவலகத்து மேலாளருக்குப் போன் போட்டாள். அவர் தூரத்து ஊரில் குளிரூட்டிய அறையில் இருந்தார். எந்திரத்தின் உறுமல் அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது.

"பாருங்க மேடம், தண்ணி விடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். விடவே கூடாதுன்னும் சொல்லமாட்டேன். உள்ளூர் ஆளுங்களைப் பகைச்சுக்காதீங்க. நீங்கதான் அங்க இருக்கீங்க, நிலைமை உங்களுக்குத்தான் தெரியும்."

"சார், தலையாட்டற பொம்மைகூட ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் ஆட்டும்."

"என்ன சொன்னீங்க? சரியாக் கேக்கலை."

"நான் விடமாட்டேன்னு சொன்னேன். அது கேட்டுச்சா?"

அவர் "உங்க பொறுப்பு" என்று வைத்துவிட்டார். அவள் போனைப் பார்த்து, "என் பொறுப்புன்னு தெரிஞ்சுதானே இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன்" என்றாள். கூரை ஒரு தரம் படார் என்று முறுக்கிக்கொண்டது.

அடுத்த வாரம் அண்ணனே கரைக்கு வந்தான். சுரங்கம் மூடிய பிறகு அவன் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. அவள் அறைக்குள் மேசையில் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே நாளில் அள்ளிய ஒரே சேறு, ஒரே தண்ணீர். ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்தே மூடி, மெழுகால் அடைத்திருந்தாள். மற்றதைத் திறந்து வைத்து, சேறு வெளியே தெரிகிற மாதிரி தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டிருந்தாள். மூடியதில் சேறு கறுப்பு, தண்ணீர் தெளிவு. திறந்ததில் சேற்றின் மேல் செம்மண்ணைக் கரைத்த மாதிரி துரு, தண்ணீர் மஞ்சள். அதில் முக்கி எடுத்த அமிலச் சோதனைத் தாள் மிளகாய்ப்பழம்போலச் சிவந்து மேசையில் கிடந்தது.

அவள் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் கையை உயர்த்தினான்.

"எனக்கு எதுக்குப் பாட்டில் காட்டறே? அந்தச் சக்கையைக் கொட்டினவனே நான். எந்த மூலையில எந்த வருஷத்துச் சக்கை கிடக்குதுன்னு நான் சொல்லவா?"

"தெரிஞ்சும் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன். உனக்கு அடுத்த மழையை நினைச்சுப் பயம். எனக்கு அடுத்த வாரத்தை நினைச்சுப் பயம்." காது மந்தமானவன், அன்று மட்டும் மெதுவாகப் பேசினான். "நான் என்ன தப்புப் பண்ணினேன் சொல்லு. அவங்க அரைக்கச் சொன்னாங்க, அரைச்சேன். கொட்டச் சொன்னாங்க, கொட்டினேன். காது போச்சு. போகச் சொன்னாங்க, வந்துட்டேன். மரம் நட்டேன். இப்போ அவங்க கொட்டின குப்பைக்கு மேல தண்ணி நிக்கணும், என் மரத்துக்கு அடியில தண்ணி நிக்கக்கூடாது. இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லைண்ணே."

"அப்புறம்?"

"நியாயம் இல்லைதான். ஆனாலும் திறக்கமாட்டேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் அவன் மிரட்டினால் அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள், ஆனால் இடத்தை விட்டு நகரமாட்டாள். இப்போது கண்ணை மூடவும் இல்லை.

"என் கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. முடிக்காததற்கு அவள் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள். வெளியே, "இன்னைக்குக் கம்பம் ரெண்டரை விரல்" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் மதகுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயிலில் கரைமண் கானல்போல நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் கையில் பூட்டு வெட்டுகிற பெரிய கத்தரி. பின்னால் ரொட்டிக்கடைக்காரரும், வாய்க்காலோரம் நிலம் வைத்திருக்கிற நாலைந்து பேரும். தண்ணிக்காரி அறைக்குள் ரொட்டியும் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சன்னல் வழியாகப் பார்த்தாள். கத்தரியைப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கையைக் கழுவினாள்.

மதகு என்பது ஓர் இரும்புப் பலகை. மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றினால் பலகை உயரும், அடியால் தண்ணீர் வாய்க்காலில் பாயும். அவள் அவர்களிடம் போகவில்லை. நேராக வாய்க்கால் பக்கம் போய், இரும்பு ஏணியில் இறங்கி, காய்ந்து கிடந்த சிமெண்டுத் தரையில், பலகையில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்தாள். சிமெண்டு சூடு சேலையைத் தாண்டிச் சுட்டது. முதுகுப்பக்கம் மட்டும் இரும்பு சில்லென்று இருந்தது. ஒரு குழித் தண்ணீரும் அந்தப் பலகைக்குப் பின்னால் நின்றது.

"எழுந்து மேல வா!" மேலேயிருந்து அண்ணன் கத்தினான்.

"நான் உக்காந்துட்டேன். நீ உன் வேலையைப் பாரு."

"விளையாடாதே! தண்ணி வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும்!"

"தெரியும். அந்தத் தண்ணியை என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?"

டக் என்று பூட்டு வெட்டுப்படுகிற சத்தம் கேட்டது. வெட்டமாட்டான் என்று ஒரு மூலையில் அவள் நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"என்னம்மா இது, எழுந்துக்கோ" என்று ரொட்டிக்கடைக்காரர் குனிந்து கெஞ்சினார். "நாங்க பேசிக்கலாம்னுதான் வந்தோம்."

"கத்தரி எடுத்துக்கிட்டா பேச வருவாங்க? நீங்க கடையில மாவைக் கத்தரியாலதான் பிசையறீங்களா?"

மேலே சக்கரம் கிறீச்சிட்டது. எண்ணெய் போடாத சக்கரம். அவள்தான் போடாமல் வைத்திருந்தாள், யாராவது தொட்டால் கேட்கட்டும் என்று. பலகை முதுகில் உரசிக்கொண்டு ஒரு நூலளவு உயர்ந்தது. அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவள் தொடையிலும் காலிலும் அறைந்தது. கல்லெறிந்த மாதிரி வலி. செருப்பு ஒன்று கழன்று வாய்க்காலில் ஓடியது. அவள் இரண்டு கைகளையும் பக்கச் சுவர்களில் ஊன்றிக்கொண்டாள்.

"இன்னும் திற!" என்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நல்லாத் திற! உனக்குப் பாதிக் காது கேக்காது, நான் சத்தமாவே சொல்றேன். கீழ போற ஒவ்வொரு சொட்டும் என்னைத் தாண்டித்தான் போகணும்!"

"எழுந்திருடி! எழுந்திருடி!" அண்ணனின் குரல் உடைந்தது. ஆனால் கை சக்கரத்தை விடவில்லை. மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

அப்போதுதான் அண்ணி வந்தாள். வீட்டில் கத்தரியைக் காணோம் என்றதும் கிளம்பியிருக்கிறாள். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. கரையில் நின்ற ஆட்களைப் பார்த்தாள், சக்கரத்தைப் பிடித்த புருஷனைப் பார்த்தாள், கீழே எட்டிப் பார்த்தாள்.

"அடி பாவி!" என்றாள்.

அதற்குப் பிறகு அண்ணி செய்ததை அங்கே இருந்தவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். அவ்வளவு பெரிய உடம்பு. ஒவ்வொரு படியும் முனகியது. இறங்குகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். "பிடிவாதம் பிடிச்ச குடும்பம்! அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு! உங்க அம்மா உங்களுக்குப் பாலோட சேர்த்துச் சிமெண்டைக் கரைச்சுக் குடுத்தாங்களா? ஒருத்தன் மேல நின்னு கத்தறான், ஒருத்தி கீழ உக்காந்து கத்தறா. நடுவுல நான் எங்க போறது?" தண்ணீர் அவள் கணுக்காலில் மோதியது. தடுமாறி, தண்ணிக்காரியின் தோளைப் பிடித்து, தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் இரண்டு பேர் மேலும் அறைந்தது.

"நீங்க எதுக்கு அண்ணி வந்தீங்க?"

"உன் மேல பாசத்துலயா வந்தேன்? நீ செத்துத் தொலைஞ்சா அந்தப் பாவம் அந்த மனுஷன் கையில ஒட்டிக்கும். அந்தக் கையால மறுபடி எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்தாக்கூட என்னால குடிக்க முடியாது." முகத்தில் தெறித்த தண்ணீரை வழித்துவிட்டு மேலே நிமிர்ந்தாள். "ஏங்க! என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? ஒண்ணு முழுசாத் திறங்க, இல்லேன்னா மூடுங்க. எனக்குக் குளிருது!"

அந்த வெயிலில் குளிருது என்றாள். கரையில் யாரோ சிரித்துவிட்டார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

சக்கரம் திரும்பவும் கிறீச்சிட்டது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அண்ணி தண்ணிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். பிறகு சீறல் குறைந்தது, சொட்டாகியது, நின்றது. சிமெண்டிலிருந்து ஆவி எழுந்தது. மேலே பார்த்தபோது அண்ணன் அங்கே இல்லை. ரொட்டிக்கடைக்காரர்தான் ஏணிக்குக் கைகொடுத்தார். "என் காய்கறியும் போச்சு" என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில்.

அன்று சாயங்காலம் தண்ணிக்காரி வீட்டுக்குப் போகக் கால் எழாமல் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். தொடையெல்லாம் கன்றிப்போயிருந்தது. பெட்டியை எங்கே கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அண்ணிதான் வந்தாள். "என்ன, மாலை மரியாதையோட கூப்பிடணுமா? சண்டை மதகுல. சாப்பாடு வீட்டுல. வா" என்றாள். போனாள். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அதற்கடுத்த பல நாட்களும் பேசவில்லை.

தோட்டத்தின் கீழ்ப்பாதி காய்ந்தது. காய்ந்த மரங்களை அண்ணன் ரம்பத்தால் அறுத்தான். வேறு ஆளைக் கூப்பிடவில்லை, தானே அறுத்தான். படகில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த ரம்பத்தின் சத்தம் தண்ணீர் மேல் வந்து அவளுக்குக் கேட்கும். பச்சை வாசம் போகாத எலுமிச்சைக் கட்டையின் மணமும் வரும். அவளுக்கு நெஞ்சை அறுத்தது. ஆனால் திறந்திருக்கலாமோ என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மேல்பாதியில் நின்ற மரங்களுக்கு அவளும் அண்ணியும் வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். கிணறும் அடிமட்டத்தில்தான் இருந்தது. வாளி முட்டி முட்டி எழும்பும். ஒரு மரத்துக்கு ஒரு வாளி, வேரில் மட்டும், சொட்டுச் சிந்தாமல். துடுப்புப் போட்டுவிட்டு வந்த கையோடு வாளியைத் தூக்குவாள். அண்ணன் அவர்களைத் தாண்டிப் போவான். வேண்டாம் என்று சொன்னதில்லை.

வெயில் கடைசியில் சிவப்புக் கோட்டையும் குடித்துவிட்டது. வடக்கு மூலையில் கறுப்புச் சேறு முதுகைக் காட்டியது. அவள் முகமூடி கட்டிக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, ஈரக் களிமண்ணை அள்ளி அதன் மேல் பூசி மூடப் பார்த்தாள். ஒரு ஆள் வேலையா அது? தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காலை ரொட்டிக்கடைக்காரர் வண்டி நிறையக் களிமண்ணோடு வந்து நின்றார். "எப்படியும் காய்கறி இல்லை, சும்மாதானே இருக்கேன்" என்றார். வண்டி அண்ணனுடையது. கொடுத்தானா, இவர் கேட்காமல் எடுத்து வந்தாரா என்று அவள் விசாரிக்கவில்லை. முக்கால்வாசியை மூடினார்கள். மிச்சம் ஒரு பாய் அகலத்துக்கு மூட முடியாமல் போனது. அது நாலே நாளில் துருப்பிடித்துச் செங்கல் நிறமானது.

மழை வந்தபோது எல்லோரும் தெருவில் நின்று நனைந்தார்கள். தண்ணிக்காரி நனையவில்லை. மழைச் சட்டை போட்டுக்கொண்டு படகில் வடக்கு மூலையில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று அவள் பின்பக்கம் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற அளவுக்கு ஏறியிருந்தது. அண்ணன் வந்து சுவரில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினான்.

"அந்த மூலை எப்படி இருக்கு?"

அத்தனை நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. அவள் துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை.

"தண்ணியில யுரேனியம் ஏறியிருக்கு. அந்தப் பாய் அகலத்துலேருந்து வந்ததே நல்லா ஏறியிருக்கு. மத்த இடத்துல இல்லை. மறுபடி தண்ணி மூடிடுச்சு, மெதுவா மினுக்கு திரும்பப் பிடிச்சுக்கும்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"கிணறு?"

"கிணத்துல இல்லை. நாலு தடவை பாத்தேன்."

அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டான். மன்னிப்புக் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

"கீழ மறுபடி மரம் நடப்போறேன்" என்றான். "கன்னு சொல்லி வெச்சுட்டேன்."

"நல்லது."

"அடுத்த வருஷம் இதே மாதிரி காஞ்சா, நான் மறுபடி வந்து கேப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் பிழிந்த துணியை உதறினாள். தண்ணீர்த் துளிகள் அவன் முகத்தில் தெறித்தன. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"கேளுண்ணே. நான் மறுபடி போய் உக்காருவேன். நானும் இப்பவே சொல்லிட்டேன்."

சமையலறைச் சன்னலுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் இப்பவே இன்னொண்ணையும் கேட்டுக்கோங்க. அந்த ஏணிப் படியை முதல்ல அகலமாப் போடுங்க. என்னால அதுல இன்னொரு தடவை இறங்க முடியாது."

அண்ணன் சன்னலைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தான்.